முப்பத்துநாலாம் நாள் உப்புப் பார்த்தது

ஜூலை 9, வியாழன்

விடியலிலிருந்து மழை. குழாயில் தண்ணீர் நாலே முக்காலுக்கு வந்து ஐந்தரைக்கு நின்றுவிட்டது. நாலு டிரம் நிறைந்தது, ஐந்தாவதில் பாதி. சாக்கடை வாசல்வரை ஏறியிருக்கிறது. செங்கல் ரெண்டு போட்டு வைத்தேன்.

உபவாசம் நாள் 31. இன்னும் ஒன்பது.

ஜூன் 9இல் செய்த பொருத்தனையை இன்றாவது எழுதி வைக்கிறேன். நாளைக்கு மனசு வேறு மாதிரிச் சொல்லக்கூடாது. என் தரப்பில்: எழுந்ததிலிருந்து சாயங்காலம் ஆறு வரை வாயில் ஒன்றும் படாது. பிரஷர் மாத்திரையும் அதை விழுங்க ஒரு மடக்குத் தண்ணீரும், கோவிலில் திருவிருந்தும் சேர்த்தியில்லை. ஆறு மணிக்குக் கஞ்சி. நாற்பது நாள். ஆண்டவர் தரப்பில்: என் மகள் ஜெபா கழுத்தில் இருக்கும் கட்டி கேன்சராக இருக்கக்கூடாது. வேறு எதுவும் கேட்கவில்லை.

இன்னொன்றும் எழுதத்தான் வேண்டும். கட்டியில் சதை வெட்டி எடுத்தது ஜூன் 29. ரிப்போர்ட்டுக்கு ஜூலை 10, அதாவது நாளைக்கு வரச் சொன்னார்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் ஜெபா பாத்ரூம் போன நேரத்தில் கவுன்டர் பெண்ணிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் பேசி, ஊருக்குப் போகிறோம் என்று சொல்லி, 20ஆம் தேதிக்கு மாற்றி எழுதி வாங்கிவிட்டேன். நாற்பது முடிவது 18. முடித்துவிட்டுப் பார்த்தால்தானே சரி? ஜெபா வெளியே வந்து, "எப்பம்மா வரச் சொன்னாங்க?" என்று கேட்டாள். "இருபதாம் தேதி" என்றேன். பொய் ரெண்டு. உபவாசத்தில் இருந்துகொண்டு.

வீட்டில் நடத்தும் மெஸ்ஸுக்கு இன்று இருபத்தெட்டு டப்பா சாப்பாடு. சாம்பார், முட்டைக்கோஸ், ரசம். ருசி பார்க்காமல் சமைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு ரோடு தாண்டுகிற மாதிரி. காலையில் தோல் பட்டறைக்காரர்கள் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "எஸ்தரம்மா, நேத்து சாம்பார்ல அரபிக்கடல ஊத்துனீங்களா?" என்று கேட்டார்கள். இன்றிலிருந்து எதிர் வீட்டு பாத்திமாவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன். ஒரு கரண்டி ரசம் குடித்துவிட்டு நிதானமாக, "யக்கா, நேத்து அள்ளிக் கொட்டிட்டு இன்னைக்கி அதுக்குப் பழி வாங்குதியளா? உப்பே இல்ல" என்றாள்.

வாங்க: கடுகு, பெருங்காயம், தீப்பெட்டி, ஜெபாவுக்குக் குடை (பழையதில் கம்பி போய்விட்டது).

ஜூலை 10, வெள்ளி

நாள் 32. மழை விட்டு விட்டு. தலை சுற்றல், பதினொரு மணி வாக்கில். உட்கார்ந்தே வெங்காயம் அரிந்தேன்.

இன்றைக்கு அந்த ரிப்போர்ட் வந்திருக்கும். எங்கேயோ ஒரு அலமாரியில் கிடக்கும். நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

மாலை பெண்கள் கூட்டம். போதகருக்குச் சின்ன வயசு, ஒரு மாதமாக ஒரே பொருள்தான்: கிருபை. நாம் செய்கிறதால் ஒன்றும் வாங்க முடியாது, ஆண்டவர் சும்மா கொடுக்கிறார், கை நீட்டினால் போதும். எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது நான்தான். வீட்டுக்கு வந்து காலண்டரில் 32ஐ அடித்தேன். அடித்த பிறகுதான் கொஞ்சம் இடித்தது. கஞ்சி குடித்தேன், சரியாகிவிட்டது.

ஜெபா விக்ரோலி ஆபீஸிலிருந்து வர எட்டரை. டிரெயினில் நின்றே வந்திருக்கிறாள். துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றியே போட்டுக்கொள்கிறாள் இப்போதெல்லாம். சாப்பிடும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கண்ணாடி பாத்தியா நீ? கன்னம் ஒட்டிப்போச்சு. பஸ் கரோ மா, போதும்" என்றாள். பேச்சை மாற்றினேன்.

ஜூலை 12, ஞாயிறு

சபைப் பிரதிஷ்டை நாள். ஆராதனை முடிந்து அசனம். தெருவே வந்து உட்கார்ந்து சாப்பிடும்: சபைக்காரர்கள், சபைக்கே வராதவர்கள், கறி மணத்துக்கு வந்தவர்கள். யாரையும் யார் என்று கேட்பதில்லை. அது பழக்கம்.

காலை ஐந்துக்கே கோவில் பின்புறம். தார்ப்பாய் கட்டி அடியில் மூன்று அடுப்பு. அரிசி இரண்டு மூட்டை, ஆட்டுக்கறி, கத்தரிக்காய், தேங்காய் எண்பது. பருப்புக்கு ஒரு அண்டா தனியாக. இருபது வருஷமாக அசனத்துக்கு உப்புப் பார்ப்பது நான். இந்த வருஷம் ராஜம்மாளிடம் சொல்லியிருந்தேன், "நீ பாத்துக்க, நான் உபவாசம்." அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

எட்டு மணி இருக்கும். குழம்பு கொதி வந்து எண்ணெய் மேலே பிரிந்து நிற்கிறது. தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் ஒரு பக்கம் சாய, ராஜம்மாள் கம்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். அண்டா முன்னால் நான் மட்டும். கரண்டியால் கோரி இடது உள்ளங்கையில் ஊற்றி, ஊதி, நக்கினேன்.

கை தானாகச் செய்தது. இருபது வருஷப் பழக்கம்.

நாள் 34.

ராஜம்மாள் திரும்பி வந்தபோது கையைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தேன். "உப்புப் பாத்தாச்சா?" என்றாள். "நீதான பாக்கணும்" என்றேன். பார்த்தாள். "சரியா இருக்கே. யார் போட்டா?" குனிந்து விறகைத் தள்ளினேன்.

ஆராதனையில் திருவிருந்துக்கு, அப்பமும் திராட்சரசமும் வாங்க, எழுந்து போகவில்லை. திடப்படுத்தல் எடுத்து முதல் விருந்து வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூட விட்டதில்லை. ஜெபா போய்விட்டுத் திரும்பி வந்து என்னைப் பார்த்தாள். "முட்டு வலி" என்றேன். பொய் மூன்று.

அசனத்தில் எல்லாரும் குழம்பைப் புகழ்ந்தார்கள். ராஜம்மாளுக்குக் கிடைத்தது அந்தப் பேர்.

காலண்டரில் 34ஐ அடிப்பதா வேண்டாமா என்று பென்சிலை வைத்துக்கொண்டு நின்றேன். அடிக்கவில்லை.

ஜூலை 13, திங்கள்

தூங்கவில்லை. மழை.

ஒன்றிலிருந்து திரும்பத் தொடங்கலாமா? நாற்பது நாள் என்றால் ஆகஸ்ட் ஆகிவிடும். ரிப்போர்ட்டை மறுபடியும் தள்ள வேண்டும். முடியாது. ஒரு நாளைக்குப் பதில் பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல் மூன்று நாள்? யாரிடம் கேட்பது? போதகரிடம் கேட்டால் கிருபை என்பார்.

டப்பா முப்பது. பீன்ஸ் விலை கேட்கவே முடியவில்லை. கோவண்டிப் பக்கம் தண்டவாளத்தில் தண்ணீராம், டிரெயின் தாமதம். ஜெபா ஒன்பதுக்கு வந்தாள்.

அவள் தலை துவட்டும்போது கழுத்தைப் பார்த்தேன். பெரிதாகியிருக்கிறதா? போன வாரத்தைவிட? அப்படித்தான் தெரிகிறது. கடவுளே, ஒரு வாய் குழம்புக்கா.

ஜூலை 14, செவ்வாய்

மூட்டம், மழை இல்லை. துணி காயப் போட்டேன்.

பாத்திமா உப்புப் பார்க்க வந்தபோது அழுதுவிட்டேன். சொன்னேன். அவள் அடுப்பங்கரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"இதுக்கா யக்கா? நோன்புல மறந்து தின்னா நோன்பு முறியாது. அது அல்லா ஊட்டுனதும்பாங்க எங்க வீட்ல. சின்னப் பிள்ளைல நான் மறந்துபோய் ஒரு மாம்பழமே தின்னுட்டேன். எங்க வாப்பா, குடுத்து வச்சவ நீ, அல்லாவே ஊட்டி விட்டுட்டான்னு சிரிச்சாக."

கேட்க நன்றாக இருந்தது. அவள் போனபின் அரை மணி நேரம் லேசாக இருந்தது. பிறகு இல்லை. ஏனென்றால் அவளிடமும் முழுதாகச் சொல்லவில்லை. இங்கேயும் எழுதவில்லை.

எழுதுகிறேன். கை தானாகச் செய்தது உண்மை. ஆனால் நாக்கில் பட்ட உடனே ஞாபகம் வந்துவிட்டது. துப்பியிருக்கலாம். பக்கத்திலேயே மண். துப்பவில்லை. பசி. முப்பத்துநாலு நாள் பசி. அவ்வளவு ருசியாக இருந்தது. உப்பு ஒரு கை குறைவு. போட்டேன். கிளறினேன். மறுபடியும் உள்ளங்கையில் ஊற்றி, இந்தத் தடவை தெரிந்தே, கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். மறதி என்று சொல்ல எனக்கு வாயில்லை.

ஜூலை 15, புதன்

மழை. நாள் 37 என்று எழுதவா?

மத்தியானம் மூன்றரைக்கே ஜெபா வந்து நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவளுடைய போனுக்கு அழைப்பு. வெள்ளிக்கிழமையே ரிப்போர்ட் வந்துவிட்டதாம், டாக்டர் கேட்கிறாராம், ஏன் இன்னும் வரவில்லை, நீங்கள்தான் 20 கேட்டதாக எழுதியிருக்கிறதே என்று.

"நான் கேக்கலியே. நீ கேட்டியா?"

மழுப்பிப் பார்த்தேன். நடக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பொருத்தனை, தேதி மாற்றியது, குழம்பு, ரெண்டாவது வாய் வரைக்கும்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அஞ்சு நாளும்மா. அஞ்சு நாளா எனக்கு என்னன்னு ஒரு பேப்பர்ல எழுதி வச்சிருக்கு. நான் தினமும் டிரெயின்ல கழுத்தத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டுப் போறேன். நீ அத தள்ளிப் போட்டிருக்க."

"உனக்காகத்தான் இருந்தேன்."

"எனக்காகவா? நீ கெடக்கிற பட்டினி எனக்கு இன்னொரு கட்டி மாதிரி இருக்கும்மா. அதையும் நாந்தான் சுமக்கேன்."

அவளே தொடர்ந்தாள். "சரி, இதுக்குப் பதில் சொல்லு. நாளைக்கு நல்லதா வந்தா, நீ பட்டினி கெடந்து வாங்கிக் குடுத்தது. கெட்டதா வந்தா, நீ குழம்பக் குடிச்சுக் கெடுத்தது. ரெண்டுலயும் இயேசுவுக்கு என்ன வேலை?"

அப்போதுதான் வாயில் வந்துவிட்டது. ஆறு வருஷமாக யாரிடமும் சொல்லாதது. இவர், ஜெபா அப்பா, மஞ்சள் காமாலையில் கிடந்தபோது இருபத்தொரு நாள் உபவாசம் பொருத்தனை செய்திருந்தேன். பதினேழாம் நாள் செம்பூரில் அவர் அக்கா வீட்டில், ஆஸ்பத்திரி போகிற வழியில், கையில் காபியைத் திணித்தார்கள். மறுக்க வெட்கம். குடித்தேன். பத்தொன்பதாம் நாள் அவர் போய்விட்டார்.

ஜெபா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆறு வருஷமா அப்பாவ அந்தக் காபி கொன்னுச்சுன்னா நெனச்சிட்டு இருக்க?"

"நான் கொன்னேன்னு."

சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது அவளிடமிருந்து, அப்படியே அழுகையாகிவிட்டது. "அவருக்கு ஈரல் போயிருந்துச்சும்மா. டாக்டர் எங்கிட்ட முன்னாடியே சொல்லிட்டாரு. உங்கிட்ட சொல்ல வேண்டாம்னு நாந்தான் சொன்னேன்." பிறகு என் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தாள். "எம்மா. நீ என்ன செஞ்சேன்னு பாத்துட்டுத்தான் ஆண்டவர் முடிவு பண்ணுவாருன்னா, எனக்கு அவரப் பாத்தாலே பயமா இருக்கு. உனக்கு இல்லியா?"

இருக்கிறது. ஆறு வருஷமாக இருக்கிறது. பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயம். சுத்தமான பயம்.

ஆறு மணிக்கு முன்னாலேயே எனக்குக் கஞ்சி எடுத்து வைத்தாள். நாலே முக்கால் இருக்கும். "நாளைக்கு ஆஸ்பத்திரி போறதுக்கு முன்ன சாப்புடு" என்றேன் அவளிடம், "நீயும்" என்றாள். கஞ்சியைத் தொடவில்லை. ஆறேகாலுக்குத்தான் குடித்தேன். அந்தப் பயம் விடமாட்டேன் என்கிறது.

ஜூலை 16, வியாழன்

பாத்திமாவிடம் டப்பா வேலையை ஒப்படைத்துவிட்டு ஏழரைக்குக் கிளம்பினோம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஜெபா என் தோளில் சாய்ந்துகொண்டாள், எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒருவன் இட்லி விற்கிறான். நம்ம ஊர் ஆள்தான். கவுன்டர் திறக்க இன்னும் நாற்பது நிமிஷம். ஜெபா ரெண்டு பிளேட் வாங்கி ஒன்றை என் கையில் வைத்தாள். அவளும் சாப்பிடாமல் நின்றாள்.

பிளேட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உள்ளே ஒரு குரல்: இன்னும் அரை மணி நேரம்தான், ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சாப்பிடு, என்ன கெட்டுப்போச்சு. நல்ல புத்திமதி மாதிரியே இருந்தது. முப்பத்தேழு நாளும் பேசியது இதே குரல்தான்.

ஆண்டவரே, என்கிட்ட ஒண்ணும் இல்ல, கெட்டுப்போச்சு எல்லாம், இவளப் பாத்துக்கும். இவ்வளவுதான் சொன்னேன், மனசுக்குள். இட்லியைப் பிட்டு வாயில் வைத்தேன். கல் மாதிரி இட்லி, சட்னி புளித்திருந்தது. நாலையும் தின்றேன். ஜெபா பிறகு சாப்பிட்டாள். "எத்தன மட்டமான இட்லி" என்றாள், அழுதுகொண்டே. இட்லிக்காரன் எங்களைப் பார்க்காத மாதிரி இருந்தான்.

டோக்கன் 14. டாக்டர் அம்மா மராட்டிக்காரி, பொறுமையாக இந்தியில் சொன்னார். கேன்சர் இல்லை. டி.பி., சுரப்பியில். ஆறு மாதம் மாத்திரை, ஒரு நாள்கூட விடக்கூடாது, பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும். நல்ல சாப்பாடு வேண்டும். முட்டை, பருப்பு, பால்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். சந்தோஷம் வருவதற்கு முன்னால் எனக்கு வந்தது வெட்கம். தேதியை மாற்றினேன், பொய் சொன்னேன், தெரிந்தே குடித்தேன், கடைசியில் நாற்பதையும் முடிக்கவில்லை. என்னுடையது என்று காட்ட ஒரு நாள்கூட இல்லை. ஆனாலும் கிடைத்தது. இவருக்கு அன்றைக்குக் கிடைக்கவில்லை. ரெண்டுக்கும் நான் காரணம் இல்லை.

ஜெபா காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு, "பாத்தியா, நீ ஒண்ணுமே செய்யல" என்றாள். கிண்டல்தான். எவ்வளவு ஆறுதலான கிண்டல்.

ஜூலை 17, வெள்ளி

வெயில், பத்து நாளைக்கு அப்புறம். மெத்தையை வெளியே போட்டேன்.

ஜெபாவுக்கு மாத்திரை முதல் நாள். வெறும் வயிற்றில். அதில் ஒன்று வயிற்றைப் புரட்டும் என்றார்கள், புரட்டியது. ஆபீஸுக்கு ரெண்டு வாரம் லீவு சொல்லியிருக்கிறாள்.

சாம்பாரை நானே ருசி பார்த்தேன். பாத்திமா வந்து, "அப்ப என் வேலை போச்சா?" என்றாள். ஒரு டப்பா சோறு கொடுத்தனுப்பினேன்.

பெண்கள் கூட்டத்தில் போதகரிடம் தனியாகச் சொன்னேன். என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டே. கேட்டுவிட்டு, "எனக்கும் கிருபை வாயில வர்ற அளவுக்கு மனசுல வரலம்மா. பரீட்சைக்கு ஒவ்வொரு தடவையும் ஆண்டவர்கிட்ட பேரம் பேசுவேன்" என்றார். பாவம் பிள்ளை.

ஜூலை 18, சனி

மூட்டம். தண்ணீர் அரை மணி நேரம்தான். ஜெபாவுக்கு முட்டை ரெண்டு அவித்தேன், எனக்கு ஒன்று.

காலை ஜெபத்துக்கு முழங்காலில் நின்றபோது, ஆறு வருஷமாகச் சொல்லி வந்த வார்த்தை தானாக வாய்க்கு வந்தது: அவர் விஷயத்தில் என்னை மன்னியும். பாதியில் நிறுத்தினேன். அந்தக் காபிக்கு மன்னிப்புக் கேட்டுக் கேட்டே ஆறு வருஷம் போயிருக்கிறது. இன்றைக்குக் கேட்கவில்லை. அப்புறம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. வெறுமனே நின்றேன்.

அப்போது அவர் முகம் வந்தது. படுக்கையில் கிடந்த மஞ்சள் முகம் இல்லை. சம்பள நாளில் கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்று கூப்பிடுவாரே, அந்த முகம். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. ஆறு வருஷத்தில் எவ்வளவோ அழுதிருக்கிறேன், எல்லாம் எனக்காக, நான் செய்ததற்காக. அவருக்காக அழுதது இன்றைக்குத்தான்.

ஜெபா எழுந்து வந்து பயந்துபோய், "என்னம்மா? என்ன ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்லளா. அப்பா நெனப்பு வந்துச்சு" என்றேன்.